நாடிழந்தோர் காத்த அடுப்பு

ஒரு குடும்பத்தின் பழைமையை அறிய விரும்புவோர் அதன் பத்திரங்களையும் படங்களையும் தேடுவர். நாமோ அடுக்களைக்குள் எட்டிப் பார்க்குமாறு கூறுவோம். பத்திரம் தொலைந்து போகும். படம் மங்கிப் போகும். பாட்டியின் கைப்பக்குவம் மட்டும் தாயிடம் தங்கி, தாயிடமிருந்து மகளுக்கு வந்து சேர்கிறது. அரசாணையாலும் அதைப் பறிமுதல் செய்ய முடியாது.

இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவோர் செபார்திய யூதர்கள். எபிரேய மொழியில் 'செபராத்' என்பது ஸ்பெயின் நாட்டைக் குறிக்கும். அந்நாட்டில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, 1492ஆம் ஆண்டில் விரட்டப்பட்டு, மத்தியதரைக் கடலைச் சுற்றிச் சிதறியவர்களின் வழிவந்தோரே இவர்கள். இவர்களுடைய குடும்ப உணவுகளில் அடிக்கடி இடம்பெறுவது, மாட்டிறைச்சியும் தக்காளியும் சேர்ந்து மெல்லிய தீயில் வெந்த குழம்பு. "இது எங்கள் முன்னோரின் உணவு" என்று அவர்கள் பெருமையுடன் பரிமாறுகின்றனர்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. அவர்களுடைய முன்னோர் ஸ்பெயினில் வாழ்ந்த காலத்தில் தக்காளி என்ற பழத்தைக் கண்டதே இல்லை! பின்னர் அது எங்ஙனம் முன்னோரின் உணவாயிற்று? இப்புதிரை அவிழ்க்கப் புகுந்தால், ஒரு மக்களினத்தின் கண்ணீரும் அதன் இல்லத்தரசியரின் மன உறுதியும் நமக்குப் புலப்படும்.

நாட்டை விட்டு வெளியேறிய நாள்

இசுலாமியரும் கிறிஸ்தவரும் யூதரும் அண்டை வீட்டாராய் வாழ்ந்த நாடு ஸ்பெயின். ஒருவர் அடுக்களையின் மணம் மற்றவர் முற்றத்தில் வீசிய காலம் அது. கொத்திய இறைச்சியை உருட்டிச் செய்யும் உருண்டைக்கு 'அல்போந்திகா' என்று பெயர். 'புந்துக்' எனும் கொட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லே இப்பெயரின் தாய். அரபுப் பெயர் தாங்கிய உணவை ஸ்பானிய மொழி பேசிய யூதப் பெண் சமைத்தாள் என்பதிலிருந்தே அக்கால நட்புறவை நாம் ஊகிக்கலாம்.

அந்த நல்லுறவு நிலைக்கவில்லை. 1391இல் செவில் நகரில் தொடங்கிய கலவரம் பல நகரங்களுக்கும் பரவிற்று. யூதர் பலர் கொல்லப்பட்டனர். உயிருக்கு அஞ்சிப் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். நூறு ஆண்டுகள் கழிந்தன. 'கத்தோலிக்க அரசர்' என வரலாறு குறிப்பிடும் பெர்டினாந்தும் இசபெல்லாவும் 1492 மார்ச் 31இல் ஓர் ஆணை பிறப்பித்தனர். மதம் மாறாத யூதர் அனைவரும் ஜூலை இறுதிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதே அவ்வாணை. பொன், வெள்ளி, நாணயம் எதனையும் எடுத்துச் செல்லலாகாது என்றும் விதிக்கப்பட்டது.

கெடு முடிந்த சில நாட்களில், ஆகஸ்டு 3ஆம் நாள், கொலம்பஸின் கப்பல்கள் அதே நாட்டின் பாலோஸ் துறைமுகத்திலிருந்து மேற்கு நோக்கிப் பாய் விரித்தன. நாடிழந்தோரின் மரக்கலங்கள் கிழக்கே சென்றன. புதுநாடு தேடியோரின் கப்பல்கள் மேற்கே சென்றன. இவ்விரு பயணங்களும் பிற்காலத்தில் ஒரே சட்டியில் வந்து சேரும் என்பதை அன்று யார் அறிந்திருக்க முடியும்?

துருக்கியப் பேரரசர் இரண்டாம் பயசீத் அகதிகளை வரவேற்றார். சலோனிக்கா, இஸ்தான்புல், இஸ்மிர், ரோட்ஸ் தீவு, சரயேவோ ஆகிய இடங்களில் அவர்கள் குடியேறினர். மொரோக்கோவுக்குச் சென்றோரும் உண்டு. சிலர் காலப்போக்கில் நம் கடற்கரை வரை வந்தனர். 1568இல் கட்டப்பட்ட கொச்சியின் பரதேசி யூத ஆலயம், அத்தகையோரும் சேர்ந்து வழிபட்ட இடமாகும்.

புகைபோக்கி சொன்ன சாட்சி

ஸ்பெயினில் தங்கிவிட்டவர்களின் கதை இன்னும் துயரமானது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் உள்ளூர யூத வழக்கங்களைக் கைக்கொள்கிறார்களா என்று ஆராய, 1478இல் பெற்ற திருத்தந்தையின் ஆணையைக் கொண்டு அரசர் விசாரணை மன்றத்தை நிறுவினர். உள்ளத்தில் இருப்பதை எவ்வாறு கண்டறிவது? மன்றம் அடுக்களையை நோக்கிற்று.

வெள்ளிக்கிழமையே சமைத்து வைத்து மறுநாள் உண்கிறார்களா? இறைச்சியிலிருந்து கொழுப்பையும் குருதியையும் நீக்குகிறார்களா? தொடை நரம்பை அகற்றுகிறார்களா? பன்றிக் கொழுப்பைத் தவிர்த்து எண்ணெயில் பொரிக்கிறார்களா? இத்தகைய அடையாளங்கள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டன. அண்டை வீட்டாரும் வேலைக்காரப் பெண்களும் சாட்சி கூறினர். சனிக்கிழமையன்று புகைபோக்கியில் புகை எழவில்லை என்பதே ஐயத்திற்குப் போதுமானதாயிருந்தது.

அக்கால வரலாற்றை எழுதிய பங்குக்குரு ஆந்த்ரேஸ் பெர்னால்தெஸ் என்பவர், இம்மக்கள் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணெயில் வதக்குவதையும் இறைச்சியை எண்ணெயில் சமைப்பதையும் இகழ்ச்சியுடன் குறித்துள்ளார். இன்றோ ஒலிவ எண்ணெயும் வெங்காயமும் பூண்டும் இன்றி ஸ்பானியச் சமையலே இல்லை!

ஓர் ஏழைத் தாய் தன் மக்களுக்காக அடுப்பில் ஏற்றிய சட்டி அவளையே சிறைக்கு அனுப்பக் கூடும் என்ற நிலை எத்துணை கொடியது! கிறிஸ்துவின் பெயரால் இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது நாம் தலைகுனியாமல் இருக்க முடியுமா?

இறைச்சியின் முறைமை

யூத இல்லத்தில் இறைச்சி சமைப்பது வழிபாட்டின் ஒரு கூறு. குருதியில் உயிர் உள்ளது என்று லேவியராகமம் கூறுவதால் குருதியை உண்ணலாகாது. ஆகவே இறைச்சியை அரை மணி நேரம் நீரில் ஊற வைத்து, பின்னர் கல்லுப்பைத் தூவி ஒரு மணி நேரம் சாய்வான பலகையில் வைத்து வடிய விட்டு, மும்முறை கழுவுவர்.

யாக்கோபு இரவெல்லாம் போராடித் தொடைச் சந்தில் அடிபட்ட நிகழ்ச்சியை ஆதியாகமத்தில் வாசித்திருக்கிறோம். அதன் நினைவாகத் தொடை நரம்பை உண்பதில்லை. அந்நரம்பை முற்றிலும் நீக்குதல் கடினமாதலால், பல இடங்களில் மாட்டின் பின்பகுதியையே தவிர்த்து, நெஞ்சுப் பகுதியையும் முன்னந்தொடையையும் வாங்குவர். இவை உழைத்த தசைகள், நார் மிகுந்தவை. விரைந்து பொரித்தால் தோல் போல் கடினமாகும். மெல்லிய தீயில் நெடுநேரம் வைத்தாலோ, அந்நார் கரைந்து பசையாகிக் குழம்புக்குச் செறிவூட்டும். சட்டத்தால் வந்த கட்டுப்பாடு சுவைக்கு வழி திறந்ததைப் பாருங்கள்.

ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்கலாகாது என்ற கட்டளை யாத்திராகமத்தில் உள்ளது. ஆகவே இறைச்சியுடன் பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் சேராது. எண்ணெய் மட்டுமே. குழம்புக்கு வேண்டிய புளிப்பைத் தயிரால் தர இயலாத அடுக்களைக்குத் தக்காளி எத்தகைய வரமாய் வந்திருக்கும்!

பழைய பெயர், புதிய காய்

தக்காளி அமெரிக்கக் கண்டத்தின் பழம். அங்கு வழங்கிய நாகுவாத்து மொழியின் 'தொமாத்' என்ற சொல்லே ஸ்பானிய மொழி வழியாக உலகெங்கும் பரவிற்று. ஸ்பானியக் கப்பல்களில் ஐரோப்பா வந்த இது, முதலில் அழகுச் செடியாகவும் ஐயத்திற்குரிய கனியாகவும் இருந்தது. துருக்கியப் பேரரசின் அடுக்களைகளில் இது பரவலாக வழக்கத்திற்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். யூதப் பெண்கள் சந்தையில் அதனைக் கண்டு, வாங்கி, பாட்டி கற்பித்த குழம்பில் இட்டனர். அடுத்த தலைமுறைக்கு அதுவே பாட்டியின் குழம்பாயிற்று.

வெள்ளை பீன்ஸ் விதையின் கதையும் இதுவே. பழைய ஸ்பெயினில் 'ஆபா' என்பது ஒருவகைப் பெரிய மொச்சையைக் குறித்தது. அமெரிக்காவிலிருந்து புதிய விதை வந்தபோது செபார்தியர் அதற்கும் 'ஆவாஸ்' என்ற பழைய பெயரையே சூட்டினர். நம் மொழியிலும் இவ்வாறு நிகழ்ந்ததன்றோ? மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் நம் வேலியோரத்தில் முன்னரே இருந்தன. கடல் கடந்து வந்த பழத்தைச் 'சீமைத் தக்காளி' என்றோம். இன்று 'சீமை' மறைந்துவிட்டது. அது நம் தக்காளியே ஆகிவிட்டது.

மரபு என்பது பூட்டிய பெட்டி என்று சிலர் எண்ணுகின்றனர். அது ஊறுகின்ற கிணறு எனலாம். புதுநீர் வந்துகொண்டே இருந்தாலும் கிணறு பழைய கிணறே.

நம் அடுக்களையில்

வெறும் வரலாறு பசியாற்றாது. இரண்டு உணவுகளின் செய்முறையை இங்குத் தருகிறோம்.

முதலாவது, ஆவாஸ் எனப்படும் பீன்ஸ் விதை இறைச்சிக் குழம்பு. ஆறு பேருக்குக் கால் கிலோ உலர்ந்த வெள்ளை பீன்ஸ் விதை, அரை கிலோ நெஞ்சுப் பகுதி மாட்டிறைச்சி, அரை கிலோ நன்கு பழுத்த தக்காளி, பெரிய வெங்காயம் இரண்டு, எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை ஆகியன போதும். விதையை முந்தின இரவே ஊற வைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்க விட்டு, பின்னர் தீயைத் தணித்து மிருதுவாகும் வரை வேகவைக்கவும். வேறொரு கனமான சட்டியில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இறைச்சித் துண்டுகளை எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டி, அவை மூழ்கும் அளவு நீர் விட்டு மூடி, ஒன்றரை மணி நேரம் மெல்லிய தீயில் வைக்கவும். இறைச்சி பாதிக்கு மேல் வெந்ததும் தோல் நீக்கிய தக்காளி, உப்பு, மிளகு, சர்க்கரை ஆகியவற்றைச் சேர்க்கவும். இறுதியில் வெந்த விதையைக் கலந்து, எண்ணெய் மேலே மிதக்கும் வரை மேலும் அரை மணி நேரம் வைத்து இறக்கவும்.

நாம் முதன்முறை செய்தபோது, அவசரத்தில் வேகாத விதையுடன் தக்காளியையும் சேர்த்துவிட்டோம். மூன்று மணி நேரம் கடந்தும் விதை கல்லாகவே இருந்தது. பிள்ளைகள் இறைச்சியைப் பொறுக்கித் தின்றுவிட்டு எழுந்து போயினர். தக்காளியின் புளிப்பு விதையை மிருதுவாக விடாது என்பதை அன்று கற்றோம். விதை வெந்த பின்னரே தக்காளியைக் காட்ட வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, அல்போந்திகா. அரை கிலோ கொத்திய மாட்டிறைச்சி, நீரில் நனைத்துப் பிழிந்த ரொட்டித் துண்டு இரண்டு, முட்டை ஒன்று, பொடியாய் நறுக்கிய வெங்காயம், சிறிது கொத்தமல்லித் தழை, உப்பு, மிளகு ஆகியவற்றைப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொள்ளவும். ரொட்டியைப் பாலில் நனைப்பது பிறர் வழக்கம். இங்கு நீரில்தான் நனைக்க வேண்டும். அரை கிலோ தக்காளியை எண்ணெயில் வதக்கிச் சாறாக்கி, ஒரு கோப்பை நீர் விட்டுக் கொதிக்கும்போது உருண்டைகளை ஒவ்வொன்றாக இடவும். கிளறாமல், சட்டியை மட்டும் மெல்ல அசைத்து, அரை மணி நேரம் வேக விடவும். இறக்கியபின் அரை எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழியவும். சோற்றுடனும் ரொட்டியுடனும் உண்ணலாம்.

வெண்டைக்காயை இறைச்சியுடனும் தக்காளியுடனும் சேர்த்து 'பாமியா' என்று செய்வதும் உண்டு. காயின் கொழகொழப்பு நீங்க எலுமிச்சைச் சாறு தெளிப்பர். பூண்டுத்தாள் போன்ற பச்சை வெங்காய வகையாகிய லீக்கை வேகவைத்துப் பிழிந்து, இறைச்சியுடன் பிசைந்து வடையாகப் பொரித்து, தக்காளிச் சாற்றில் இடுவதும் உண்டு. அதன் பெயர் 'கெப்தேஸ் தே பிராசா'. கவனியுங்கள்: எல்லாவற்றிலும் இறைச்சி கொஞ்சம், காய் மிகுதி. அரை கிலோ இறைச்சியைக் கொண்டு பெரிய குடும்பம் முழுவதையும் நிறைவுடன் உண்ணச் செய்த ஏழைத் தாய்மாரின் அறிவு அது.

வெள்ளி மாலை மேசை

இவ்வுணவுகளின் பொருள் முழுமையாக விளங்க வேண்டுமாயின் அவர்களுடைய வெள்ளிக்கிழமை மாலையை அறிய வேண்டும். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டலாகாது. ஆகவே கதிரவன் மறையுமுன் சமையல் முடிந்துவிடும். ஓய்வுநாள் நண்பகலுக்கு உரிய சட்டியை மட்டும் தணலில் புதைத்தோ ஊர் ரொட்டி அடுப்பில் வைத்தோ விடுவர். பழைய ஸ்பெயினில் இதனை 'அதபீனா' என்றனர். மூடி மறைத்தது என்பது அவ்வரபுச் சொல்லின் கருத்து. துருக்கிய நாடுகளில் 'ஹாமின்' என்பர். சூடானது என்ற எபிரேயச் சொல்லோடு தொடர்புடையது இது. அதே தணலில் வெங்காயத் தோலுடன் முட்டைகளை இரவு முழுவதும் வைப்பர். காலையில் அவை ஓடு மட்டுமன்றி உள்ளும் பழுப்பேறி இருக்கும்.

தாய் விளக்கேற்றுவாள். தந்தை பிள்ளைகளின் தலைமேல் கை வைத்து ஆசி கூறுவார். திறமைமிக்க இல்லாளைப் புகழும் பழமொழி ஆகமத்தின் இறுதி அதிகாரத்தைப் பல குடும்பங்களில் ஓதுவர். வாரம் முழுவதும் அடுப்பருகே வியர்த்தவளைக் குடும்பமே எழுந்து புகழும் வழக்கம் எத்துணை அழகானது!

அணைக்க முயன்ற கை

ஸ்பெயினை விட்டு வந்து 450 ஆண்டுகள் கடந்த பின்னரும், சலோனிக்கா நகரின் யூதப் பெண்கள் பழைய ஸ்பானிய மொழியையே அடுக்களையில் பேசினர். 'லதீனோ' எனப்படும் அம்மொழியில் தாலாட்டினர். அம்மொழியிலேயே உப்பும் புளிப்பும் பார்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் யூதரே. ஓய்வுநாளில் துறைமுகமே ஓய்ந்திருந்தது.

1943 மார்ச் 15ஆம் நாள் முதல் புகைவண்டி அந்நகரிலிருந்து அவுஷ்விட்ஸ் கொலைக்களத்திற்குப் புறப்பட்டது. ஆகஸ்டு மாதத்திற்குள் நாற்பத்தைந்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. எத்தனை பாட்டிமார், எத்தனை கைப்பக்குவங்கள்! எழுதி வைக்காத சமையல், சமைப்பவரோடு சாம்பலாகும்.

எஞ்சியவர்களும், முன்னரே அமெரிக்காவுக்கும் பாலஸ்தீனத்திற்கும் குடிபெயர்ந்திருந்தவர்களும் நினைவிலிருந்து மீண்டும் சமைத்தனர். பேத்திமார் கேட்டு எழுதினர். அதனால்தான் இன்று அவர்தம் சமையல் நூல்கள் நம் கைக்கும் எட்டுகின்றன. இன்று லதீனோ மொழியைச் சரளமாகப் பேசுவோர் குறைந்து வருகின்றனர். அம்மொழியை அறியாத பேரப்பிள்ளைகளும் 'ஆவாஸ்' என்ற சொல்லை அறிந்திருக்கின்றனர். நாவில் மொழி மறந்தாலும் சுவை மறக்கவில்லை.

காயத்தை ஆற்றும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட அறிக்கையில், கிறிஸ்துவின் மரணத்திற்காக யூத குலத்தையே பழிப்பதை மறுத்து, யூதருக்கு எதிரான எல்லாப் பகைமையையும் கண்டித்தது. 1968இல் ஸ்பெயின் அரசு பழைய வெளியேற்ற ஆணையை முறைப்படி நீக்கிற்று. 1986 ஏப்ரல் 13இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமை நகர யூத ஆலயத்திற்குச் சென்றார். 2000ஆம் ஆண்டில் திருச்சபை மக்களின் கடந்தகாலக் குற்றங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். 2015இல் ஸ்பெயின், செபார்தியரின் வழித்தோன்றல்கள் குடியுரிமை பெறச் சட்டம் இயற்றிற்று. விண்ணப்பிக்கும் காலம் 2019இல் முடிந்தது.

நாம் எண்ண வேண்டியது

அயலாரின் சட்டியை ஐயத்துடன் முகர்ந்து பார்க்கும் வழக்கம் ஸ்பெயினோடு முடிந்துவிடவில்லை. "அவர்கள் என்ன தின்கிறார்கள்" என்று கேட்டு மனிதரை அளக்கும் நாவு நம்மிடையேயும் உண்டு. அது எங்குப் போய் முடியும் என்பதை இவ்வரலாறு காட்டிவிட்டது.

இன்னொன்றையும் எண்ணுவோம். நம் இல்லங்களில் குழம்பு கொதிக்கிறது. ஆனால் எத்தனை இல்லங்களில் எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உண்கிறோம்? பாட்டியிடம், "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வைத்தோர் எத்தனை பேர்? வாரத்தில் ஒரு மாலையேனும் குடும்பம் முழுவதும் கூடி, செபித்து, ஒரே சட்டியிலிருந்து பகிர்ந்து உண்ணும் வழக்கத்தை நாமும் மேற்கொள்ளலாகாதா? பொன்னையும் வெள்ளியையும் எல்லையிலேயே பறிகொடுத்த மக்கள், ஐந்நூறு ஆண்டுகளாகத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தது அந்த ஒரு மாலையைத்தான்.

அடுத்த முறை தக்காளியை நறுக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி இன்னும் நம்மோடு இருப்பாராயின், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவரருகே சற்று அமருங்கள்.